மத்தியதரைக் கடலில் எட்டு நாட்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். "பாலம், பைல் பவுண்டேஷன் எல்லாம் வேண்டாம்யா. சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு. லேசா ஏதாவது பேசு" என்றார். நான் 2010ல் இந்தக் கல்லூரியின் சிவில் துறையிலிருந்து வெளியே போனவன். அன்றிலிருந்து பாலத்தையும் பைலையும் தவிர வேறெதையும் பேசியதில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு விஷயம்தான் அகப்பட்டது. 2024 செப்டம்பரில் நானும் என் மனைவியும் மத்தியதரைக் கடலில் ஒரு கப்பல் பயணம் போய் வந்தோம். அதைச் சொல்கிறேன். நடுவில் சிவில் இன்ஜினியரிங் தலைகாட்டினால் மன்னிக்க வேண்டும்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு 2015ல் திருமணம். தேனிலவுக்குக் கொடைக்கானல் போனோம். மூன்றாம் நாள் காலை, சைட்டில் ராஃப்ட் கான்கிரீட் போடும் தேதியை முன்னால் தள்ளிவிட்டார்கள் என்று போன் வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். "அடுத்த வருஷம் நல்லா ஒரு ட்ரிப் போவோம்" என்று மலைப்பாதையில் சொன்னேன். அந்த அடுத்த வருஷம் வர ஒன்பது வருஷமாயிற்று. இடையில் ஒடிசா, சத்தீஸ்கர், குஜராத் என்று என் வேலை மாறிக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு ஊருக்கு என் மனைவியும் கூட வந்தாள். அதற்காகத் தன் கணித ஆசிரியை வேலையை விட்டாள். மகள் பிறந்த பிறகு அவள் ஊரில், நான் சைட்டில்.

ஒரு நாள், விட்ட வாக்கை ஈடுகட்டிவிடலாம் என்று, ஒரு சின்னக் கார் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கப்பலுக்குக் கட்டினேன். "எங்கே போகலாம்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் கேட்காமல் செய்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஏழு வயது மகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பார்சிலோனாவில் ஏறி, நேப்பிள்ஸ், ரோம், பைசா, மார்செய் பார்த்துவிட்டு மறுபடி பார்சிலோனாவிலேயே இறங்குவது திட்டம். நான் இதற்கு ஒரு பார் சார்ட் போட்டேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே போட்டேன். எந்த ஊரில் எத்தனை நிமிடம், எங்கிருந்து எங்கே நடை, எங்கே ரயில், எல்லாம் அதில் இருந்தது. பாஸ்போர்ட், பணம், போன் சார்ஜர், கப்பல் காகிதம் என எல்லாம் என் முதுகுப் பையில். அவள் தோளில் ஒரு சின்னக் கைப்பை மட்டும்.

பார்சிலோனாவில் கப்பல் ஏறுவதற்கு முன் சக்ராதா ஃபமீலியா தேவாலயம் பார்த்தோம். 1882ல் கட்டத் தொடங்கியது. மறு வருஷமே பொறுப்பேற்ற அந்தோனி கவுதி, 1926ல் டிராம் மோதி இறக்கும் வரை அதிலேயே கிடந்தார். நம் சைட்டில் ஆறு மாதம் தாமதமானால் கிளையண்ட் குதிக்கிறார். அங்கே நூறு வருஷத்துக்கு மேல் கட்டியும் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தரைக்குக் கீழே உள்ள காட்சிக்கூடத்தில் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் கவனிக்க வேண்டும். கூரையிலிருந்து நிறைய நூல்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. நூல்களில் சின்னச் சின்ன எடைப் பைகள். கவுதி வேறொரு தேவாலயத்துக்காகச் செய்த மாதிரியின் நகல் அது. தொங்கும் சங்கிலியில் இழுவிசை மட்டும்தான் இருக்கும். அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் அழுத்தவிசை மட்டும் உள்ள வளைவு கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் சொன்ன தத்துவம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கவுதி நூலையும் பையையும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். அதைப் படம் பிடித்துத் தலைகீழாக வைத்துப் பார்த்தால் தேவாலயம் தெரியும். கேட்டினரி என்று நமக்கு வகுப்பில் சொன்னபோது நான் தூங்கியிருக்கிறேன். அங்கே விழித்துக்கொண்டேன்.

கப்பலைப் பற்றி இரண்டு வார்த்தை. கப்பல் என்றால் நம்மில் பலருக்கு ராமேஸ்வரம் படகுதான் ஞாபகம் வரும். இது நகரும் பதினைந்து மாடிக் கட்டடம். டீசல் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கிறது, அந்த மின்சாரம்தான் உந்திகளைச் சுழற்றுகிறது. கடல்நீரிலிருந்து குடிநீர் எடுக்கிறார்கள். ஆட்டம் குறைய இரு பக்கமும் மீன் துடுப்பைப் போல இறக்கைகள் நீருக்குள் நீளும். இத்தனை டன் கப்பல் என்று விளம்பரத்தில் போடுவது எடை அல்ல, உட்புறக் கொள்ளளவின் அளவு. இது எனக்கே அங்கே போய்த்தான் தெரிந்தது.

ஏறியவுடன் செய்யும் முதல் வேலை, ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்ற பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே ஒரு பெரிய பயணக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று சர்வதேச விதியையே மாற்றினார்கள். விதி என்பது பெரும்பாலும் யாரோ உயிரைக் கொடுத்து எழுதியது. சைட்டில் ஹெல்மெட் போடச் சொன்னால் முகம் சுளிக்கும் தம்பிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுக்கூடத்தில் ஒரு தம்பி எங்களைப் பார்த்தவுடனே, "அண்ணே, தமிழா?" என்றார். தூத்துக்குடிப் பக்கம். எட்டு ஒன்பது மாதம் தொடர்ந்து கப்பலில் வேலை, பிறகுதான் ஊர். என் மனைவிக்குத் தினமும் கேட்காமலே தயிரும் பச்சை மிளகாயும் கொண்டுவந்து வைப்பார். "பாம்பேய் எப்படி இருக்கும் தம்பி?" என்று அவள் கேட்டாள். "தெரியாதுக்கா. நேப்பிள்ஸுக்கு எத்தனையோ தடவை வந்தாச்சு. கப்பல் நிக்கிறப்ப எனக்கு டூட்டி இருக்கும்" என்றார். நாங்கள் கொண்டுபோன மாவடு பாட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தோம். அவர் பதிலுக்கு ஒரு யோசனை கொடுத்தார். "அக்கா, தினமும் ரூமுக்கு வர்ற புரோகிராம் தாளைக் கீழே போட்டுட்டுப் போகாதீங்க. துறைமுக ஏஜெண்ட் நம்பர் அதுலதான் இருக்கும்." நான் சிரித்துக்கொண்டே என் முதுகுப் பையைத் தட்டிக் காட்டினேன். அவள் பேசாமல் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

நேப்பிள்ஸில் இறங்கி, உள்ளூர் ரயிலில் பாம்பேய் போனோம். கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ஊர். 1748ல் தோண்டத் தொடங்கினார்கள், இன்னும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. சாலையைக் குறுக்கே கடக்க உயரமான கற்கள் பதித்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் ஓடினாலும் கால் நனையாது. வண்டிச் சக்கரம் போக நடுவில் இடைவெளி. சக்கரத் தடம் கல்லில் குழி விழுந்து கிடக்கிறது. தண்ணீர் வழங்க ஈயக் குழாய்கள் போட்டிருந்தார்கள். மேட்டிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்துவிடக் கூடாது என்று, தெருக்களில் 6 மீட்டர் உயரத் தூண் கட்டி, அதன் தலையில் தொட்டி வைத்து அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். நான் அந்தத் தூணையே சுற்றிச் சுற்றி வந்தேன். என் மனைவி ரொட்டிக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். மாவு அரைக்கும் பெரிய கல் எந்திரங்கள், பக்கத்திலேயே அடுப்பு. "நாளைக்கு விக்கலாம்னு மாவு அரைச்சிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். சாம்பலில் புதைந்த உடல்கள் மக்கிப்போன வெற்றிடத்தில் சாந்து ஊற்றி வார்த்தெடுத்த உருவங்கள் அங்கே உண்டு. 1863ல் ஃபியொரெல்லி என்பவர் செய்த முறை. அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் இருவரும் அதிக நேரம் நிற்கவில்லை.

நமக்கும் அந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1938ல் பாம்பேயில் ஒரு வீட்டில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில், இந்தியாவில் செய்த தந்தப் பெண் சிலை ஒன்று கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யவனர் கப்பல்கள் முசிறிக்கு வந்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கோவை, கரூர்ப் பக்கம் ரோமானியக் காசு குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் மூத்த பிளினி என்ற ரோமானிய அறிஞர், வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா இழுத்துக்கொள்கிறது, மிளகில் அப்படி என்னதான் இருக்கிறது என்று புலம்பி எழுதினார். அதே பிளினி நேப்பிள்ஸ் வளைகுடாவில் கடற்படைத் தலைவர். வெசூவியஸ் வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பலில் போய், எதிர்க்கரையில் இறந்துபோனார். நாங்கள் போன அதே கடல். அன்று இரவு கப்பல் மேல்தளத்தில் நின்று வெசூவியஸைப் பார்த்தபடி இந்தக் கதையை மனைவிக்குச் சொன்னேன். அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்வதற்குக் காரணம், மறுநாள் அப்படி இல்லை.

மறுநாள் ரோம். ரோமில் கடல் கிடையாது. சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி சிவிதவேக்கியா என்ற துறைமுகத்தில் கப்பல் நிற்கும். டிராஜன் பேரரசர் காலத்துத் துறைமுகம். அங்கிருந்து ரோமுக்கு இரண்டு வழி. கப்பல்காரர்கள் நடத்தும் பேருந்தில் போகலாம், விலை அதிகம். ஆனால் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே ரயிலில் போகலாம், செலவு குறைவு. ஆனால் நாம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. மாலை 7 மணிக்குக் கிளம்பும், 6.30க்குள் ஏறியாக வேண்டும். நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

கொலோசியத்தை வெளியிலிருந்து 20 நிமிடம், சார்ட்டில் உள்ளபடி. பிறகு பேந்தியன். நண்பர்களே, கான்கிரீட் தொழிலில் இருக்கும் எவரும் சாவதற்குள் ஒரு முறை பார்க்க வேண்டிய கட்டடம் அது. ஹேட்ரியன் காலத்தில் கட்டியது, வயது 1,900 வருஷம். 43.3 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே 43.3. உள்ளே ஒரு கம்பி கிடையாது. கம்பியில்லாக் கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகிலேயே பெரியது இதுதான். அடியில் கனமான கல்ஜல்லி, மேலே போகப் போக லேசான கல், உச்சியில் எரிமலை நுரைக்கல் என்று எடையைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அடியில் 6 மீட்டர் இருக்கும் தடிமன், உச்சியில் 1.2 மீட்டர்தான். நட்ட நடுவில் வானம் தெரியும் வட்டத் துளை. மழை உள்ளேயே பெய்யும், தரையில் வடிகால் ஓட்டைகள் உண்டு. ரோமானியக் கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்புக் கட்டிகள், விரிசலில் தண்ணீர் பட்டால் கரைந்து அதைத் தாமே அடைத்துவிடும் என்று 2023ல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது.

அந்தத் துளை வழியே ஒரு வெயில் வட்டம் சுவரில் விழுந்திருந்தது. அது மெதுவாக நகர்கிறது. என் மனைவி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் உக்காரலாம்ங்க. அது அந்தத் தூணுக்கு வர்ற வரைக்கும்." நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "12 நிமிஷம் ஏற்கெனவே ஓவர். கிளம்பு" என்றேன். அவள் எழுந்தாள். எழுந்துகொண்டே, "இது உங்க சைட் இல்லைங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு ரயில் நிலையம் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

சான் பியத்ரோ நிலையம். 4.40 ரயிலுக்குக் கூட்டம் நெருக்குகிறது. இத்தாலியில் ஒரு வழக்கம்: காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள எந்திரத்தில் செருகி முத்திரை போட வேண்டும். நான் அதை மறந்துவிட்டேன். அவள் என் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை உருவிக்கொண்டு எந்திரத்தின் பக்கம் திரும்பியதை நான் கவனிக்கவில்லை. அவள் பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்து முண்டியடித்து ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே என் மனைவி, கையில் இரண்டு டிக்கெட்டோடு. ரயில் நகர்கிறது.

கணக்குப் பாருங்கள். என்னிடம் இருவர் பாஸ்போர்ட், மொத்தப் பணம், என் போன், என் பையில் சார்ஜில் கிடந்த அவள் போன். அவளிடம் இரண்டு டிக்கெட். என் எண்ணோ பார்சிலோனாவில் வாங்கிய புது சிம், எனக்கே மனப்பாடம் இல்லை. பாலத்தில் ஒரு உறுப்பு போனால் மொத்தமும் போகிற மாதிரி வடிவமைக்கக் கூடாது என்று பத்துப் பேருக்குப் பாடம் எடுப்பவன் நான். என் குடும்பத்தை ஒரே ஒரு முதுகுப் பையில் தொங்கவிட்டிருந்தேன்.

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் அங்கேயே நிற்பாளா? ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடிப் போவாளா? அடுத்த ரயிலில் ஏறுவாளா? அவள் அங்கே காத்திருந்து நான் முன்னால் போனால் தப்பு. அவள் கிளம்பி வந்து நான் திரும்பிப் போனாலும் தப்பு. ஒரு தூண் எத்தனை டன் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒன்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவி இந்த நிலைமையில் என்ன செய்வாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ரயிலில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது இதுதான். கப்பல் போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

அடுத்த நிலையத்தில் இறங்கி நின்றேன். அரை மணி நேரம். அடுத்த ரயில் வந்தது. ஒரு நிமிடம்தான் நிற்கும். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். காணவில்லை. கதவு மூடப் போகிறது. ஏறுவதா வேண்டாமா? எந்தக் கணக்கும் போடாமல் ஏறிவிட்டேன். ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து போனேன். கடைசிக்கு முந்தின பெட்டியில், கடல் பக்கத்து ஜன்னல் ஓரத்தில், ஒரு வயதான இத்தாலிய அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முத்திரை போட்ட இரண்டு டிக்கெட். என்னைப் பார்த்ததும் கைப்பையை எடுத்துப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.

எனக்குப் பேச்சே வரவில்லை. அவள்தான் சொன்னாள். "நீங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நிப்பீங்கன்னு தெரியும். இல்லேன்னாலும் கப்பலுக்குத்தானே வருவீங்க. என் கப்பல் அட்டை கழுத்துல இருக்கு. ஏஜெண்ட் நம்பர் தாளும் இருக்கு. இந்த அம்மாகிட்ட சைகையில கேட்டு, அவங்க போன்ல இருந்து ஏஜெண்ட்டுக்குச் சொல்லிட்டேன். ரெண்டு பேர் இந்த ரயில்ல வர்றோம்னு."

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாம என்ன. கை நடுங்கிச்சு. ஆனா நீங்க சைட்ல இருந்தப்ப, உங்க அப்பாவுக்கு நடு ராத்திரி நெஞ்சு வலி வந்துச்சே, அன்னிக்கு யார் ஆம்புலன்ஸ் பிடிச்சா? மூணு தடவை வீடு மாத்தினோமே, யார் மாத்தினா? நீங்க போன்ல, எல்லாம் சரியா நடக்குதான்னு கேப்பீங்க. நடக்குதுன்னு சொல்லுவேன். அது தானா நடந்துச்சுன்னு நினைச்சுட்டீங்க."

சபையில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இத்தாலிய அம்மாளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உலகம் முழுக்க மாமியார்கள் ஒரே மாதிரிதான் தலையை ஆட்டுகிறார்கள்.

6 மணிக்கு சிவிதவேக்கியா. அங்கிருந்து துறைமுக வாசலுக்கு ஓட்டமும் நடையும், அங்கிருந்து கப்பலடிக்குப் பேருந்து. ஏணிப்படியில் கால் வைக்கும்போது மணி 6.27. அன்று ராத்திரி சாப்பாட்டில் தூத்துக்குடித் தம்பி, "அண்ணே, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க" என்றார். "ஒண்ணுமில்லை தம்பி, ரோம் பார்த்த களைப்பு" என்றாள் என் மனைவி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் கப்பல் லிவோர்னோவில் நின்றது. அங்கிருந்து பைசா கால் மணி நேர ரயில். பார் சார்ட் கிழிந்து குப்பைக் கூடையில் கிடந்தது. ஒரு பாஸ்போர்ட்டும் பாதிப் பணமும் அவள் கைப்பையில். நம் மண்ணியல் பேராசிரியர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார்கள், அதனால் பைசாவைச் சுருக்க முடியாது.

1173ல் கட்டத் தொடங்கினார்கள். மூன்றாவது மாடி வருவதற்குள் அடியில் உள்ள மென்களிமண் அமுங்கிச் சாய ஆரம்பித்தது. அதன்பின் சண்டை சச்சரவில் வேலை நூறு வருஷம் நின்றது. நின்றது நல்லதாயிற்று, அந்த இடைவெளியில் களிமண் இறுகிக்கொண்டது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அன்றைக்கே விழுந்திருக்கும் என்கிறார்கள். 56 மீட்டர் உயரம், சுமார் 14,500 டன் எடை, தெற்கே சாய்வு. 1989ல் பாவியா ஊரில் ஒரு பழைய கோபுரம் திடீரென இடிந்து விழ, பயந்துபோய் 1990ல் பைசாவை மூடிவிட்டார்கள். வடக்குப் பக்கம் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். 1995ல் மண்ணை உறைய வைத்து நங்கூரம் போடப் பார்த்தார்கள். கோபுரம் இன்னும் சாயத் தொடங்கியது, அவசரமாக மேலும் ஈயம் ஏற்றி நிறுத்தினார்கள். கடைசியில் வெற்றி பெற்றது மிக எளிமையான வழி. சாய்ந்த தெற்குப் பக்கத்தைத் தொடவேயில்லை. உயர்ந்து நிற்கும் வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து, சாய்வாகத் துளையிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் மண் மெல்ல இறங்கியது, கோபுரம் வடக்கே நிமிர்ந்தது. உச்சியில் சுமார் 45 சென்டிமீட்டர், அதாவது அரை டிகிரி. அதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்கள். 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள்.

இதையெல்லாம் புல்தரையில் உட்கார்ந்து மனைவிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சாஞ்ச பக்கத்தை யாரும் தூக்கி நிறுத்தல. உசந்து நின்ன பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினாங்க. அவ்வளவுதானே?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. கோபுரத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

மார்செய் ஊரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய துறைமுகத்தில் மீன் விற்பவர்களையும், மலைமேல் கோயிலையும் பார்த்தோம். எந்த இடத்துக்கும் நேரம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கல் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். மொத்தப் பயணத்தில் என் மனைவிக்குப் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால், அந்தத் திண்ணையைத்தான் சொல்வாள்.

மாணவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். நாட்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கல் பாவிய தெருக்கள், புதுச் செருப்பு உதவாது. துறைமுகத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் நம்பாமல் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். தனியாகப் போனால் ஒரு ரயிலுக்கு முந்தின ரயிலில் திரும்புங்கள். பாஸ்போர்ட், பணம், போன் எண்கள் இரண்டு பையில் இருக்கட்டும். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று காலையிலேயே பேசிவிடுங்கள். கடைசியாக, கூட வருபவரிடம் எங்கே போகலாம் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு டிக்கெட் வாங்குங்கள்.

ஊர் திரும்பிய பிறகு நான் சைட் வேலையிலிருந்து தலைமை அலுவலக டிசைன் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். சைட் அலவன்ஸ் போயிற்று, கார் இன்னும் தள்ளிப்போயிற்று. 2025 ஜூனில் என் மனைவி ஒரு பள்ளியில் மறுபடி கணித ஆசிரியையாகச் சேர்ந்தாள். இன்றைக்கு அவள் இங்கே வரவில்லை. பள்ளியில் தேர்வுத்தாள் திருத்தும் வேலை. மகளைப் பார்த்துக்கொள்வது என் முறை, அதனால்தான் அவள் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அப்பா எப்போது முடிப்பார் என்று பார்க்கிறாள்.

முழுக்கத் திருந்திவிட்டேனா என்று கேட்காதீர்கள். பைசா கோபுரத்தைப் போல அரை டிகிரி நிமிர்ந்திருக்கிறேன். போதும் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.